114 மி.மீ. நியூட்டோனியன்: ஆடியில் பூஞ்சை, முக்கோண நட்சத்திரம், மழைக்காலப் பாதுகாப்பு

நாகைவான்:
வணக்கம். 114 மி.மீ. விட்டம், 900 மி.மீ. குவியத்தூரம் உள்ள நியூட்டோனியன் (லென்ஸுக்குப் பதில் ஆடியால் ஒளியைக் குவிக்கும்) டெலஸ்கோப். நாகையில் கடற்கரைக்கு அரை கிலோமீட்டரில் உள்ள வீட்டில் இரண்டு வருடம் பையோடு அலமாரியில் கிடந்தது. இப்போது மூன்று கோளாறு. குழாயின் அடியில் இருக்கும் பெரிய ஆடியின் (முதன்மை ஆடி) ஓரத்தில் சிலந்திவலை மாதிரி பூஞ்சை, மேலெல்லாம் தூசி. பிம்பத்தைக் கூர்மையாக்கும் ஃபோகஸரின் திருகு ஓரிடத்தில் இறுகுகிறது, இன்னோரிடத்தில் வழுக்குகிறது. 10 மி.மீ. ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) நட்சத்திரம் புள்ளியாக இல்லாமல் முக்கோணமாகத் தெரிகிறது. ஆடியைக் கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரேயால் துடைக்கலாமா? துடைத்தால் முக்கோணம் போகுமா? பிறகு எப்படி எடுத்து வைப்பது? பையில் அந்துருண்டை போட்டிருக்கிறேன்.

கண்ணாடிக்காரர்:
ஸ்ப்ரேயும் துணியும் கிட்டவே வரக்கூடாது. வீட்டுக் கண்ணாடியில் பூச்சு பின்பக்கம் இருக்கிறது. இதில் அலுமினியப் பூச்சு முன்பக்கம், காற்றுபட இருக்கிறது. தூசியோடு சேர்த்துத் தேய்த்தால் கீறல் விழும், அது திரும்பாது.

தூசி மட்டும் என்றால் கழுவவே வேண்டாம், ரப்பர் பல்பால் ஊதினால் போதும். பூஞ்சை இருப்பதால்தான் கழுவச் சொல்கிறேன். பூஞ்சை கக்கும் அமிலம் பூச்சை அரிக்கும், விட்டுவைத்தால் பரவும்.

ஆடி இருக்கும் தட்டிலும் குழாயிலும் பென்சிலால் நேருக்கு நேர் கோடு போட்டுக்கொண்டு கழற்றுங்கள். முதலில் குழாய்த் தண்ணீரை மெல்ல ஓடவிட்டுத் தூசியை இறக்குங்கள். பிறகு ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் துண்டை விரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவ சோப்பு இரண்டு மூன்று சொட்டு விட்டு, பத்து நிமிடம் ஊறவிடுங்கள். துணி துவைக்கும் பவுடர் வேண்டாம்; அதிலுள்ள காரம் அலுமினியத்தைத் தின்னும். தண்ணீருக்குள்ளேயே பஞ்சை அதன் எடையால் மட்டும் ஒரே திசையில் இழுங்கள். ஒரு இழுப்புக்கு ஒரு பஞ்சு, பிறகு அதை எறிந்துவிடுங்கள். கடைசி அலசல் டிஸ்டில்டு வாட்டரில். பேட்டரிக்கு ஊற்றுவதே போதும், ஆசிட் பாட்டிலை மாற்றி எடுத்துவிடாதீர்கள். போர் தண்ணீரோடு விட்டால் உப்புப் புள்ளி படியும். சுவரில் சாய்த்து நிமிர்த்தி வைத்துக் காயவிடுங்கள். தங்கிய சொட்டை டிஷ்யூ முனையால் உறிஞ்சி எடுங்கள்.

கறை மிஞ்சினால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சை அதன்மேல் ஒரு நிமிடம் படியவைத்து எடுங்கள். அதற்கும் போகாவிட்டால் பூச்சு அரித்துவிட்டது என்று அர்த்தம். அதற்காக வருந்த வேண்டாம்: 10 மி.மீ. அகலக் கறை மறைப்பது மொத்த ஒளியில் 1 சதவீதத்துக்கும் குறைவு.

ஆறுதிருகு:
முக்கோணத்துக்கும் தூசிக்கும் சம்பந்தமில்லை. ஆடியைப் பிடித்திருக்கும் மூன்று கிளிப்புகளை யாரோ இறுக்கியிருக்கிறார்கள், கண்ணாடி நெளிகிறது. கழுவி மாட்டும்போது கிளிப்புக்கும் ஆடிக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு தாராளமாக நுழையும் அளவுக்கு விடுங்கள். குலுக்கினால் லேசாக ஆடும் சத்தம் வரலாம், அது சரிதான்.

மறுபடி மாட்டியதும் கொலிமேஷன், அதாவது இரண்டு ஆடிகளையும் நேராக்குவது, கட்டாயம். ஆடியின் நடுவில் ஃபைல் தாள் ஓட்டைக்கு ஒட்டும் வளையத்தை ஒட்டுங்கள். அந்த இடம் துணை ஆடியின் (குழாய் வாயருகே சாய்வாக இருக்கும் சிறு ஆடி) நிழலில் இருப்பதால் நஷ்டமில்லை. ஃபோகஸர் மூடியின் நடுவில் 2 மி.மீ. துளை போட்டு அதன் வழியே பாருங்கள். முதலில் துணை ஆடி ஃபோகஸருக்கு நேர் நடுவில் வட்டமாகத் தெரியவேண்டும். அடுத்து அதன் மூன்று சிறு திருகுகளால் முதன்மை ஆடியின் மூன்று கிளிப்பும் தெரியும்படி சாய்க்க வேண்டும். கடைசியில்தான் முதன்மை ஆடியின் பின்பக்கத் திருகுகளால் துளையின் பிம்பத்தை வளையத்துக்குள் கொண்டுவருவது. துணை ஆடியைத் தொடும்போது குழாய் படுக்கையாக இருக்கட்டும். ஸ்பேனர் நழுவினால் முதன்மை ஆடிமேல் விழாது. முடிந்தபின் துருவ நட்சத்திரத்தில் சோதித்துக்கொள்ளுங்கள், அது நகராது.

ஃபோகஸர்: குமிழ்த் தண்டுக்கு அடியில் சிறு தகட்டைக் கழற்றி, பழைய கிரீஸை ஆல்கஹாலில் துடையுங்கள். பெட்ரோல், தின்னர் பிளாஸ்டிக்கை உருக்கும். சிலிகோன் கிரீஸ் அரிசி அளவு போதும். தையல் மெஷின் எண்ணெய் வழிந்து குழாய்க்குள் இறங்கும். வழுக்கல் அந்தத் தகட்டின் திருகை கால் சுற்று கால் சுற்றாக இறுக்கினால் நிற்கும்.

கண்ணாடிக்காரர்:
துருவ நட்சத்திர யோசனை வடக்கே உள்ளவர்களுக்கு. நாகையில் அது அடிவானிலிருந்து சுமார் 11 டிகிரியில்தான் நிற்கும். அவ்வளவு தாழ்வில் காற்றின் கொதிப்பில், ஃபோகஸ் கலைத்த நட்சத்திரத்தில் தெரியும் வளையங்கள் சிதறும். 60 டிகிரிக்கு மேல் இருக்கும் நட்சத்திரத்தை எடுங்கள். டெலஸ்கோப்பை வெளியே வைத்து அரை மணி நேரம் கழித்து, ஃபோகஸை லேசாகக் கலைத்து, வளையங்கள் ஒரே மையத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒவ்வொரு திருகுக்குப் பிறகும் நட்சத்திரத்தை நடுவுக்குக் கொண்டுவந்துதான் தீர்ப்பு.

ஆறுதிருகு:
சரி, நாகைக்கு அதுதான் பொருந்தும்.

ஈரமானி:
அந்துருண்டையை இன்றே எடுங்கள். அதன் ஆவி குளிர்ந்த கண்ணாடிமேல் படியும். ஈரத்தை அது குறைக்கவும் குறைக்காது.

பையும் ஸ்பாஞ்சும் ஈரத்தைப் பிடித்துவைக்கும், பூஞ்சை வளர அதுவே போதும். பையை விடுங்கள். இந்தக் குழாய்க்குப் பின்பக்கம் திறந்திருக்கும். அதைப் பாலித்தீன் உறையும் ரப்பர் பேண்டும் போட்டு மூடுங்கள். 100 கிராம் சிலிக்கா ஜெல்லை இரட்டைத் துணியில் முடிந்து வாய்ப்பக்கம் நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். உருண்டு ஆடியைத் தொடக்கூடாது. வாய்மூடி, ஃபோகஸர் மூடி இரண்டும் போட்டு, வெளிச்சுவரை ஒட்டாத உள்ளறையில் படுக்கையாக வையுங்கள். பரண் வேண்டாம், மொட்டைமாடிச் சூடு இறங்கும்.

ஐபீஸ்களுக்குக் காற்றுப்புகாத டப்பா, 50 கிராம் ஜெல், ஒரு சின்ன ஈரப்பதமானி. 40 முதல் 50 சதவீதத்தில் நிற்கட்டும். ஆரஞ்சு ஜெல் பச்சையானால் 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் மீண்டும் வேலை செய்யும். நீல ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருப்பதால் சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒருமுறை நிறத்தைப் பாருங்கள்.

பனி படிந்த டெலஸ்கோப்பை உடனே மூடாதீர்கள். மின்விசிறி ஓடும் அறையில் வாயைக் கீழ்நோக்கிச் சாய்த்து, முழுதும் காய்ந்த பிறகே மூடி. சிவப்புப் புள்ளி ஃபைண்டர் (குறிபார்க்கும் கருவி) இருந்தால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள்.

பெட்டியில் ஐபீஸில் மாட்டும் கறுப்பு ‘சூரிய ஃபில்டர்’ இருந்தால் அதைச் சேமிக்காதீர்கள், உடைத்து எறியுங்கள். குவிந்த வெப்பத்தில் அது பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெடிக்கும், கண் போய்விடும்.