வெளிச்சம் கூடினால் பூ குறைகிறதா? கணக்கு தலைகீழாக வருகிறது, உதவி தேவை

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். ஒரே இனத்தைச் சேர்ந்த காட்டு மரங்களில் எவை பூப்பதற்கு அதிகம் செலவிடுகின்றன என்று அறிய, ஒரு பூக்கும் பருவம் முழுவதும் அளவெடுத்தேன். ஒவ்வொரு மரத்தின் சுற்றளவையும் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அளந்தேன். அங்கேயே நின்று ஒளிமானியால் வெளிச்சத்தைக் குறித்துக்கொண்டேன். உதிர்ந்த பூக்களை மரத்தடியில் கட்டிய வலைகளில் சேகரித்து எண்ணினேன். பருத்த மரங்கள் அதிகம் பூத்தன, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் வெளிச்சம் கூடக் கூடப் பூ குறைவதாகக் கணக்கு காட்டுகிறது. கோளாறு கருவியிலா, கணக்கிலா?

மறுமொழி 1

கருவியும் சரி, கணக்கும் சரி. நீங்கள் நின்ற இடம்தான் தவறு. மரம் வெயிலை வாங்குவது உச்சியிலுள்ள இலைகளால். நீங்கள் அளந்ததோ, அந்த இலைகள் வாங்கியது போக அடியில் மிஞ்சிய வெளிச்சம். கிளை பரப்பி நிற்கும் பெரிய மரம் தன் நிழலைத் தன் அடியிலேயே விரிப்பதால், நன்றாகப் பூக்கும் மரங்களின் கீழெல்லாம் உங்கள் மானி குறைந்த அளவையே காட்டியிருக்கும்.

மரத்தின் உச்சிக்கு ஏறி அளப்பது எல்லோராலும் ஆகாது. அதற்காக வனவியலாளர் டாக்கின்ஸ் 1958-இல் வகுத்த ஐந்து படி மதிப்பீடு இன்றும் பயன்படுகிறது. மேலிருந்தும் பக்கங்களிலிருந்தும் முழு வெயில் பெறும் மரத்துக்கு 5, மேலிருந்து மட்டும் முழுமையாகப் பெறுவதற்கு 4, மேல்வெயிலில் ஒரு பகுதியைப் பெறுவதற்கு 3, பக்கவெளிச்சம் மட்டும் பெறுவதற்கு 2, நேர்வெயிலே படாததற்கு 1. தரையில் நின்று அண்ணாந்து பார்த்தே இதைக் குறிக்கலாம். இருவர் தனித்தனியே குறித்து ஒப்பிட்டால் நம்பகம் கூடும்.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அதைத் திருத்திய பிறகும் ஒரு சிக்கல் மிஞ்சும்: பெரிய மரமே பெரும்பாலும் வெயிலையும் பிடிக்கிறது என்பதால், பூவுக்குக் காரணம் பருமனா ஒளியா என்று பிரித்தறிவது கடினம். ஏறத்தாழ ஒரே சுற்றளவுள்ள மரங்களைத் திரட்டி, அவற்றுள் வெயிலில் நிற்பவற்றையும் நிழலில் நிற்பவற்றையும் ஒப்பிடுங்கள்.

மேலும், பூக்களின் எண்ணிக்கை வேறு, செலவிடும் பங்கு வேறு. 60 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள மரம் 1,000 பூவும் 120 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள மரம் 3,000 பூவும் தந்தால், பெரியதே தாராளமானது என்று தோன்றும். சுற்றளவு இரட்டிக்கும்போது தண்டின் குறுக்குவெட்டுப் பரப்பு நான்கு மடங்காவதால், பரப்புக்கு இவ்வளவு என்று பார்த்தால் சிறிய மரமே அதிகம் செலவிட்டிருக்கிறது. பூக்காத மரங்களையும் ஒரே கணக்கில் போட்டுக் குழப்பாதீர்கள்; பூத்ததா என்பதை முதலிலும், பூத்தவற்றுள் எவ்வளவு என்பதைப் பிறகும் தனித்தனியே ஆராயுங்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. ஐந்து படி முறையில் மீண்டும் மதிப்பிட்டேன். தலைகீழ்ப் போக்கு மறைந்துவிட்டது. சிறிய மரங்களில் மட்டும் ஒரு புதிர் இருக்கிறது. பூக்காத சிறிய மரங்கள் எல்லாமே நிழலில் நிற்கின்றன. அவை பருவமெய்தாதவையா, அல்லது உணவு போதாதவையா?

மறுமொழி 1

இருக்கிற தரவால் இதற்கு விடை கிடைக்காது. பெரிய மரம் விழுந்து திறந்த இடங்களில், வெயிலில் நிற்கும் சிறிய மரங்களைத் தேடுங்கள். அவை பூத்தால், நிழலில் நிற்பவற்றுக்குத் தடை வெளிச்சக் குறைவுதான். முழு வெயிலிலும் பூக்காவிட்டால், இளமைப் பருவம் இன்னும் முடியவில்லை என்று சந்தேகிக்கலாம். இளமை என்பது உருவத்தை மட்டும் பொறுத்ததன்று: முதிர்ந்த மரத்தின் கிளையை ஒட்டுக் கட்டினால், விதையில் முளைத்த கன்றைவிடச் சிறியதாக இருக்கும்போதே அது பூத்துவிடுகிறது.

கிளைகளையும் பாருங்கள். பல மரங்களில் ஒரு கிளை தன் இலைகள் ஆக்கும் உணவையே பெரிதும் நம்பிப் பூக்கிறது. ஆகவே ஒரே மரத்தில் வெயில் பக்கம் பூத்து, நிழல் பக்கம் வெறுமையாக இருக்கும். கிளையின் பட்டையை வளையமாக உரித்தால் உணவு கீழே இறங்க வழியின்றி மேலே தேங்கி, பல பழமரங்களில் அந்தக் கிளை கூடுதலாகப் பூப்பதும் இதையொட்டியதே. காட்டு மரங்களில் அதைச் செய்து பார்க்க வேண்டாம். உரித்த பகுதி ஆறாவிட்டால் கிளை பட்டுப்போகும்.

மறுமொழி 3

ஒன்றை யாரும் கேட்கவில்லை: எத்தனை ஆண்டுத் தரவு இது? பல மரங்கள் ஓராண்டு மிகுதியாகப் பூத்து, மறு ஆண்டு ஓய்கின்றன. சிலவற்றில் பூமொட்டு முந்தைய பருவத்திலேயே உருவாகிவிடுவதால், இந்த ஆண்டுப் பூவுக்குச் சென்ற ஆண்டு வெயிலே கணக்கு. பக்கத்து மரத்தின் பூவும் உங்கள் வலையில் விழுந்திருக்கலாம்.

கேள்வி கேட்டவர்

ஒரே ஆண்டுதான். வலைகளை அவிழ்க்காமல் அடுத்த பருவத்துக்கும் விட்டுவைக்கிறேன்; கிளைகள் பின்னிக் கிடக்கும் மரங்களைக் கணக்கிலிருந்து நீக்குகிறேன். திறந்த இடங்களில் இதுவரை நான்கு சிறிய மரங்கள் கிடைத்துள்ளன. அவற்றுள் ஒன்றில் மொட்டு தெரிகிறது.