நம்ம வீட்டு குரூப்: அடைமழை காலை

நான்: எல்லாருக்கும் காலை வணக்கம். கும்மோணத்துல ராத்திரி பூரா விடல, இப்பவும் கொட்டிக்கிட்டே இருக்கு, நம்ம ஜில்லாவுக்கு லீவு விட்டாச்சா யாருக்காச்சும் தெரியுமா, எங்க வீட்டு வாண்டு ஆறு மணிலேந்து போர்வைக்குள்ளேந்து தலைய மட்டும் நீட்டி கலெக்டர் என்ன சொன்னார்னு கேட்டுக்கிட்டே கெடக்கான்

திருவையாறு அத்தை: பள்ளிக்கூடத்துக்கு லீவுனு டிவில ஓடுது கண்ணு. தூங்கட்டும் விடு

நான்: சொன்ன உடனே எந்திரிச்சு உக்காந்துட்டான் அத்தை 😀 இனிமே தூக்கம் வராதாம், பஜ்ஜி வேணுமாம்

மன்னார்குடி பெரியப்பா: இப்பதான் வயல்லேந்து வந்தேன். நடவு கொல்லைல தண்ணி நிக்குது, ஆனா வடிவாய்க்கால் நல்லா இழுக்குது, பயமில்ல.

டொராண்டோ அக்கா: அப்பா நனைஞ்சுக்கிட்டா போனீங்க

மன்னார்குடி பெரியப்பா: யூரியா சாக்க கொங்காணி மாதிரி மடிச்சு போட்டுக்கிட்டுதான் போனேன். உங்கம்மா காப்பி கொடுத்தா. நீ இன்னும் தூங்கலையா

டொராண்டோ அக்கா: இங்க ராத்திரி எட்டுதான்பா. போன ஞாயித்துக்கிழம கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளிட்டாங்க, அதுலேந்து சாயங்காலம் அஞ்சு மணிக்கெல்லாம் இருட்டிருது, ஆபீஸ் விட்டு வெளில வந்தா ராத்திரி. மேப்பிள் இலையெல்லாம் செவந்து கொட்டி ரோடே செவப்பா இருக்கு, பாக்க அவ்ளோ அழகு, ஆனா வீட்டுக்குள்ள வந்தா ஒரு சத்தம் இல்ல. ஜன்னலெல்லாம் இறுக்கி மூடிருக்கு, ஹீட்டர் ஓடுது, உதடு வெடிக்குது. ஆபீஸ்ல எல்லாரும் மெழுகுவத்தி ஏத்தி வச்சு கம்பளி போத்திக்கிட்டு இந்த சீசன்தான் பிடிக்கும்ங்கிறாங்க, நானும் மெழுகுவத்தி வாங்கிட்டேன் கம்பளியும் வாங்கிட்டேன், அந்த இதம் மட்டும் வரமாட்டேங்குது

மன்னார்குடி பெரியம்மா: உதட்டுக்கு வெண்ணெ தடவு. சாப்டியா

டொராண்டோ அக்கா: பிரெட்மா

மன்னார்குடி பெரியம்மா: ராத்திரிக்கு பிரெட்டா

திருவையாறு அத்தை: இந்தா பாரு, நான் சொல்றத செய். அங்க தமிழ் கடைல சுக்கு கெடைக்கும், மல்லி கெடைக்கும். ஒரு பங்கு சுக்குக்கு ரெண்டு பங்கு மல்லி, மல்லிய வாசம் வர்ற வரைக்கும் வெறும் சட்டில வறு, சுக்க தோல் சீவிட்டு நல்லா தட்டிக்க, நாலு மிளகு, கொஞ்சம் சீரகம், எல்லாத்தையும் ஒண்ணும் பாதியுமா பொடிச்சு வச்சுக்க, நைசா வேண்டாம். தண்ணில போட்டு முக்கால்வாசியா சுண்டுனதும் கருப்பட்டி போட்டு வடிகட்டு. பால் ஊத்தாத. டம்ளர ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு மூஞ்சில ஆவி பட்ற மாதிரி வச்சு குடி, பாதி குளிர் அப்பவே போயிரும்

சென்னை அத்தான்: அம்மா எனக்கும் அந்த பொடி வேணும், இங்கயும் மழைதான், ஆனா இங்க மழைனா தண்ணி எங்க நிக்குது வண்டிய எங்க ஏத்தி வைக்கிறதுனே பொழுது போயிருது

நான்: இங்க நேத்து யூனிபார்ம் காயவே இல்ல. அப்பாயி சொன்ன மாதிரி தணல்ல சாம்பிராணி போட்டு மேல கூடைய கவுத்து அதுமேல சட்டைய விரிச்சேன், காஞ்சதும் இல்லாம வீடே மணக்குது, லீவுனு தெரிஞ்சும் இவன் அந்த சட்டையத்தான் போட்டுக்கிட்டு திரியிறான்

டொராண்டோ அக்கா: ஐயோ அந்த வாசம். தல குளிச்சுட்டு அப்பாயி மடில படுத்தா முடிய கூடைமேல விரிச்சு விடுவாங்கள்ல

மன்னார்குடி பெரியம்மா: அப்பாயி பக்கத்துலதான் இருக்காங்க. கேட்டு சிரிக்கிறாங்க. ஐப்பசி கடைசி நாள் கடைமுகத்துக்கு மாயவரம் காவிரில முழுக கூட்டிட்டு போங்கனு காலைலேந்து ஒரே பேச்சு. மழை விடலேன்னா மறுநாள் கார்த்திகை ஒண்ணு, முடவன் முழுக்குக்கு போய்க்கலாம்னு சொல்லிருக்கேன்

சென்னை அத்தான்: அம்மாயிய நான் வந்து கார்ல கூட்டிட்டு போறேன் அத்தை

மன்னார்குடி பெரியப்பா: பாப்பா நான் ஒண்ணு சொல்றேன். 2018ல கஜா புயல் அடிச்சப்ப நீ காலேஜ் ஹாஸ்டல்ல இருந்த. நவம்பர் 16 விடியக்காலம் அடிச்சு ஓஞ்சு வெளில வந்து பாத்தா கொல்லைல ஒரு தென்னை நிக்கல. கரண்டும் கெடையாது, வாரக்கணக்கா இருட்டு. அன்னிக்கு உங்கம்மா பெரிய குண்டான்ல நொய்க்கஞ்சி காச்சி பூண்டும் மிளகும் போட்டு வச்சா, எதுத்த வீடு பின்கட்டுக்காரங்க எல்லாம் இங்கதான், ஓடு போன எடத்துல தார்ப்பாய கட்டிட்டு அதுக்கு கீழ வரிசையா உக்காந்து குடிச்சோம். அவ்ளோ வேதனைலயும் அந்த சூடு நெஞ்சுல எறங்குனப்ப ஒரு தெம்பு வந்துச்சு. தனியா உக்காந்திருந்தேன்னா ஒரு வாய் எறங்கிருக்காது. நீ அங்க தனியா சாப்புட்றதுதான் எனக்கு கஷ்டமா இருக்கு

டொராண்டோ அக்கா: 🙏 அப்பா

திருவையாறு அத்தை: அண்ணன் சொல்றது சரி. உன் கீழ் வீட்ல யாரோ தமிழ்க்காரங்கன்னியே

டொராண்டோ அக்கா: யாழ்ப்பாணத்து அக்கா. போன வாரம் கதவ தட்டி ஒடியல் கூழ் குடுத்தாங்க அத்தை. மீனு நண்டு இறாலு எல்லாம் போட்டு, பயத்தங்காய், பலாக்கொட்டை, புளி, அரைச்ச செத்தல் மிளகா, கடைசில ஒடியல் மாவ கரைச்சு ஊத்துவாங்களாம். அவ்ளோ உறைப்பு, மூக்குல தண்ணி கொட்டுது, ஆனா கிண்ணத்த கீழ வைக்க மனசு வரல

மன்னார்குடி பெரியம்மா: ஒடியல்னா

டொராண்டோ அக்கா: பனங்கிழங்க பச்சையா கிழிச்சு காயவச்சதுமா. அதத்தான் மாவாக்குறாங்க

மன்னார்குடி பெரியம்மா: அட நாம அவிச்சு திங்கிறதோட சரி. கிண்ணத்த வெறுமனே திருப்பி குடுத்துடாத. அடை சுட்டு குடு

டொராண்டோ அக்கா: சனிக்கிழமை கூப்புட்றேன்மா. அளவு சொல்லுங்க

மன்னார்குடி பெரியம்மா: புழுங்கரிசி ரெண்டு ஆழாக்கு, தொவரம்பருப்பு ஒண்ணு, கடலப்பருப்பு அரை, உளுந்து ஒரு கைப்பிடி, காஞ்ச மிளகா, பெருங்காயம். கரகரன்னு அரை. முருங்கக்கீரை இருந்தா உருவிப்போடு. கல்லுல தட்டி நடுவுல ஒரு ஓட்டை போட்டு அந்த ஓட்டைலயும் நல்லெண்ணெய் விடு, ஓரம் செவந்து தானா கல்ல விட்டு எழும்பும், அப்ப திருப்பு. அவசரப்பட்டு சட்டாப்பைய வச்சு குத்தாத. தொட்டுக்க வெல்லமும் வெண்ணெயும்

மன்னார்குடி பெரியப்பா: (குரல் பதிவு 1:42)

மன்னார்குடி பெரியப்பா: முத்தத்துல மழை விழுறது, பின்னாடி கொல்லைத் தவளை சத்தம். சத்தமே இல்லேன்னியே, போட்டு கேளு

டொராண்டோ அக்கா: மூணு தடவை கேட்டுட்டேன்பா. நடுவுல அம்மா பால் பொங்குதுனு கத்துறதும் கேக்குது ❤️

நான்: அக்கா சனிக்கிழமை வீடியோ கால் போடு, நாங்களும் அடை சுடுறோம், இவன் இப்பவே அரிசி ஊற வைக்க சொல்றான்

திருவையாறு அத்தை: அவளுக்கு சனிக்கிழமைன்னா நமக்கு எப்ப, எனக்கு அந்த கணக்கு புரியாது

சென்னை அத்தான்: அங்க சாயங்காலம் ஆறுன்னா நமக்கு ஞாயித்துக்கிழம விடியக்காலம் நாலரை

மன்னார்குடி பெரியம்மா: நாலரைக்கு நான் எந்திரிச்சுருவேன். போடு