அம்பாசடர் ஏற்றத்தில் கட் ஆகிறது, ஆர்பிஎம் மீட்டரும் தகராறு – அவசர உதவி

மலைப்பாதை77:
ஞாயிற்றுக்கிழமை ஊட்டியில் கல்யாணம், இந்த வண்டியில்தான் போக வேண்டும். ஏற்றத்தில் மிஸ்ஸிங் அடித்துப் படக்கென்று கட் ஆகிறது. இரண்டு வினாடியில் தானே பிடித்துக்கொள்கிறது. புதிதாகப் போட்ட ஆர்பிஎம் மீட்டரும் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டுவது) சரியில்லை. பிளக் புதுசு. வேறு என்ன பார்க்கலாம்?

கண்டென்சர்_கணேசு:
கண்டென்சர், பாயிண்ட்டோடு இருக்கும் சின்ன டப்பா. கண்ணை மூடிக்கொண்டு மாற்றுங்கள்.

பாண்டி_பாயிண்ட்:
எந்த வருஷ வண்டி? ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடும் பாயிண்ட் செட்டா, எலக்ட்ரானிக்கா? மீட்டர் சரியில்லை என்றால் என்ன, முள் ஆடுகிறதா, எழவே இல்லையா?

ஈரத்துணி:
ஏற்றம், வெயில், இன்ஜின் கட். சந்தேகமே வேண்டாம், வேப்பர் லாக்தான், சூட்டில் பெட்ரோல் வழியிலேயே ஆவியாகி அடைத்துக்கொள்கிறது. கல்லாறு தாண்டும்போது எங்கள் அப்பா துண்டை நனைத்துப் பெட்ரோல் பம்ப் மேல் சுற்றிவிடுவார். செலவே இல்லை.

மலைப்பாதை77:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். 1977 மார்க் 3, 1489 சிசி, பாயிண்ட்தான். மீட்டர் ஐடிலில் 550 காட்டுகிறது, ஆனால் காதுக்கு ஐடில் சரியாகவே இருக்கிறது. வண்டி கட் ஆகும்போது முள் நேராகப் பூஜ்யத்துக்கு விழுந்து மறுபடி எழுகிறது.

பழைய_லூகாஸ்:
இதை முதலிலேயே எழுதியிருந்தால் மூன்று பேர் நேரம் மிச்சம். தம்பி, வண்டி கியரில் உருண்டுகொண்டிருந்தால் பெட்ரோல் இல்லாவிட்டாலும் இன்ஜின் சுற்றும், பாயிண்ட் திறந்து மூடும், அதை எண்ணிக் காட்டும் மீட்டர் முள் விழாமல் நிற்கும். பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்துத் தரும் டிஸ்டிரிபியூட்டரின் ரோட்டார், மூடி, பிளக் வயர் கெட்டாலும் முள் அநேகமாக நிற்கும். முள்ளே விழுகிறது என்றால் ஸ்பார்க் தரும் காயிலின் பேட்டரிக் கரண்ட் சுற்று அறுகிறது. ஈரத்துணியை முகம் துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

550-க்குக் காரணம் மீட்டர் பின்னால் உள்ள சுவிட்ச். 6 சிலிண்டரில் இருக்கும். உங்கள் இன்ஜின் 4 சிலிண்டர், ஒன்றரையால் பெருக்கினால் 825, அதுதான் உண்மை ஐடில். 4-க்கு மாற்றுங்கள்.

பாண்டி_பாயிண்ட்:
அண்ணன் சொல்வது சரி. மீட்டர் வயர் எங்காவது பாடியில் உரசி எர்த் ஆனாலும் ஸ்பார்க் போய்விடும். காயிலிலிருந்து அந்த வயரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். கட் ஆகும்போது பெட்ரோல் முள்ளும் விழுந்தால் இக்னிஷன் சுவிட்ச்.

எலக்ட்ரானிக்_எழில்:
2024-இலும் பாயிண்ட்டா? பாயிண்ட்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் கிட் மாட்டினால் இந்தத் தலைவலியே இல்லை.

கண்டென்சர்_கணேசு:
கிட் நடுக்காட்டில் போனால் என்ன செய்வீர்கள்? பாயிண்ட்டை எமரி பேப்பரில் தேய்த்து, தீப்பெட்டி அட்டையில் கேப் (பாயிண்ட் திறக்கும் இடைவெளி) வைத்து வீடு சேரலாம்.

பழைய_லூகாஸ்:
எமரித் தூள் பாயிண்ட்டுக்குள் மாட்டும். சின்ன அரம் வையுங்கள். தீப்பெட்டி அட்டை நடுரோட்டுக்குச் சரி, வீட்டுக்கு வந்ததும் ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) 15 தவ், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு வைக்க வேண்டும்.

எலக்ட்ரானிக்_எழில்:
என் வண்டியில் கேப்பே கிடையாது, அதைத்தான் சொல்கிறேன்.

மலைப்பாதை77:
மீட்டர் வயரைக் கழற்றியும் கட் ஆகிறது. பெட்ரோல் முள் விழவில்லை. கவனித்ததில், கியர் மாற்ற ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு மறுபடி மிதிக்கும்போதுதான் அதிகம்.

பாண்டி_பாயிண்ட்:
அப்படியானால் டிஸ்டிரிபியூட்டருக்குள் பாருங்கள். மிதித்து விடும்போது வேக்கம் (இன்ஜின் உறிஞ்சும் இழுப்பு) மாறி, பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு திரும்பும். அதோடு அசைகிற சின்ன வயர் வெளியில் முழுசாகத் தெரியும், உறைக்குள் இழைகள் அறுந்திருக்கும். தட்டின் எர்த் வயரும் அப்படித்தான். சோதிக்க: பாயிண்ட் நன்றாக மூடியிருக்கும் இடத்தில் இன்ஜினை நிறுத்துங்கள். டிஸ்டிரிபியூட்டர் வயரைக் காயிலிலிருந்து கழற்றி, பேட்டரி பிளஸ்ஸுக்கும் அதற்கும் நடுவே டெஸ்ட் லாம்ப் பிடியுங்கள். எரியும். கார்புரேட்டர் பக்கம் வேக்கம் குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சுங்கள். விளக்கு மினுக்கினால் அந்த இரண்டு வயரில் ஒன்றுதான்.

பழைய_லூகாஸ்:
அதைத்தான் சொல்ல வந்தேன். மாற்றும்போது பின்னல் செம்பு உள்ள மெல்லிய வயர் போடவும். வீட்டு வயரிங் துண்டைப் போட்டால் ஒரு மாதம்கூடத் தாங்காது.

எலக்ட்ரானிக்_எழில்:
பார்த்தீர்களா, பாயிண்ட் தொல்லை.

பாண்டி_பாயிண்ட்:
வயர் தொல்லை. உங்கள் கிட்டிலும் அதே தட்டில் வயர் அசைகிறது.

(ஐந்து நாள் கழித்து)

மலைப்பாதை77:
உறிஞ்சியதும் விளக்கு அணைந்தது. எர்த் வயர், கையில் எடுத்ததும் இரண்டு துண்டு. மாற்றி ஊட்டி போய் வந்தாச்சு. மீட்டரும் 4-இல் சரி. நன்றி.

கண்டென்சர்_கணேசு:
கண்டென்சரையும் மாற்றினீர்களா?