கசியாத ஸ்ப்ரேயர் மூடி: காப்புரிமையைப் பறித்தது சரியா?

பட்டறை வேலு:
பூச்சிப் பொறி, ஸ்ப்ரேயர் மாதிரிச் சின்னச் சாமானுக்குக் காப்புரிமைச் சண்டை வந்தால், 1966-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த கேல்மர் - குக் கெமிக்கல் தீர்ப்பைத் தூக்கிக் காட்டுகிறார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பே பிடிக்கவில்லை. பூச்சிமருந்து பாட்டிலில் ஸ்ப்ரேயரை மாட்டியே லாரியில் ஏற்றினால் வழியில் மருந்து கசியும். இந்தத் தலைவலி தொழிலில் ரொம்ப நாளாக இருந்தது. குக் கம்பெனிக்காக ஸ்காகின் என்பவர் மேல்மூடி போட்டு அதைத் தீர்த்தார்; 1959-இல் காப்புரிமையும் கிடைத்தது. கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் செல்லும் என்றன. மேலே போனதும் "தொழில் தெரிந்த எவருக்கும் இது எளிதாகத் தோன்றியிருக்கும்" என்று தள்ளிவிட்டார்கள். அவ்வளவு எளிதென்றால் மற்றவர்கள் ஏன் செய்யவில்லை?

செல்வமணி:
வேலு சார், கேஸ் ஃபைலைப் பாருங்கள். ஸ்காகின் முதலில் கேட்டது பெரிய உரிமை. காப்புரிமை அலுவலக ஆய்வாளர் நிராகரித்ததும் சுருக்கிக்கொண்டே வந்து, கடைசியில் கழுத்து வளையத்தில் ஒரு விளிம்பு, மூடிக்குக் கீழே கொஞ்சம் இடைவெளி என்ற அளவுக்கு ஒப்புக்கொண்டார். அந்த விளிம்பு ஏற்கெனவே லிவிங்ஸ்டன் என்பவரின் காப்புரிமையில் இருக்கிறது. விட்டுக்கொடுத்ததைக் கோர்ட்டில் திரும்பக் கேட்க முடியுமா?

பட்டறை வேலு:
லிவிங்ஸ்டன் செய்தது ஊற்றும் வாய் வைத்த பாத்திரம். பூச்சிமருந்துக்காரன் அதை எதற்குத் தேடிப் போகப்போகிறான்?

செல்வமணி:
குக் தரப்பும் அதைத்தான் வாதாடியது. இது பூச்சிமருந்துப் பிரச்சினை இல்லை, மூடிப் பிரச்சினை என்று நீதிமன்றம் பதில் சொன்னது. காப்புரிமை அலுவலகத்தில் தேடியிருந்தாலே கிடைத்திருக்கும் என்றும் ஒரு குத்து. எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

கரையான் கண்ணன்:
அப்படியானால் கரையான் பொறியை என்ன செய்வீர்கள்? மைரெக்ஸ் என்ற பூச்சிக்கொல்லியில் ஊறவைத்த மரக்கட்டையை மண்ணில் புதைத்துக் கரையானைக் கட்டுப்படுத்தலாம் என்று எசென்தர் முதலானோர் 1970-களிலேயே ஆய்வுக் கட்டுரை எழுதிவிட்டார்கள். 1995-இல் வந்த சென்ட்ரிகான் என்ற கரையான் பொறி, முதலில் வெறும் மரத்தை வைத்து, கரையான் ஏறிய பிறகு அதற்குப் பதில் மருந்து கலந்த இரையை வைத்தது. உங்கள் கணக்குப்படி அதுவும் பழசா?

செல்வமணி:
இல்லை. அதில் இருந்த ஹெக்சாஃப்ளுமுரான் என்ற மருந்து உடனே கொல்லாது. தோல் உரிக்க விடாமல் மெதுவாகக் கொல்லும். அதற்குள் கரையான் அதைக் கூட்டம் முழுக்க ஊட்டிவிடும். இது வேலை செய்யுமா என்பது சோதனை போட்டால்தான் தெரியும், மூடி மாதிரிப் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் "பார், பிறகு மாற்று" என்ற வரிசைக்கு மட்டும் தனியாக உரிமை கேட்டால் நான் தயங்குவேன்.

பட்டறை வேலு:
பின்னால் வந்து பார்த்தால் எல்லாம் சுலபமாகத் தெரியும், ஜாக்கிரதை என்று அதே தீர்ப்பு சொல்கிறது. அதை வசதியாக விட்டுவிட்டீர்கள்.

செல்வமணி:
விடவில்லை. சொல்லிவிட்டு, இந்த வழக்கில் அது தராசைச் சாய்க்காது என்றும் சொன்னார்கள். அடுத்த பத்தியையும் படியுங்கள் சார்.