காட்டிய சைகை ஒன்று, வந்த பந்து வேறு

பழைய கேட்சர்:
பேஸ்பால் ஆட்டம், ஏழாவது இன்னிங்ஸ். பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர் நான்; எந்தப் பந்து வேண்டும் என்று பந்து வீசும் பிட்சருக்கு விரல்களால் சைகை காட்டுவேன். இரண்டாம் பேஸில் நிற்கும் எதிரணி ஆளுக்கு என் விரல்கள் பளிச்சென்று தெரியும் என்பதால் சைகையை மாற்றியிருந்தோம். இரண்டாவதாகக் காட்டுவதுதான் கணக்கு. பிட்சர் அதை மறந்துவிட்டான். வளைபந்துக்காகக் கையுறையைத் தரையோடு தாழ்த்தி உட்கார்ந்திருக்கிறேன், வந்ததோ நெஞ்சுக்கு மேலே வேகப்பந்து. முகக்கவசக் கம்பியில் 'டங்' என்று மோதியது. பந்து எந்தப் பக்கம் உருண்டது என்றே தெரியவில்லை. ரன் போனதுகூடப் பெரிதில்லை. அதை 'பாஸ்டு பால்', அதாவது கேட்சர் பிடிக்கத் தவறிய பந்து என்று என் கணக்கில் எழுதினார்கள். அதுதான் இன்னும் ஆறவில்லை.

இடதுகை பிட்சர்:
மன்னிக்க வேண்டும், அவன் மறந்தான் என்றால் நினைவூட்ட வேண்டியது யார்? பிட்சர் நிற்கும் மேட்டுக்கு நடந்து வர 60 அடி 6 அங்குலம்தானே! நான் தொடர்ந்து இரண்டு பேருக்கு 'வாக்' கொடுத்து (பந்துகளைத் தவறாக வீசி முதல் பேஸை இலவசமாகக் கொடுத்து), கை நடுங்க நின்றபோது என் கேட்சர் வந்தார். கையுறையால் வாயை மறைத்துக்கொண்டு, "ஷூ கயிறு அவிழ்ந்திருக்கிறது, கட்டு" என்றார். குனிந்து பார்த்தேன். அவிழவே இல்லை. நிமிர்ந்தபோது மூச்சு சீராகியிருந்தது.

கையுறை:
எனக்கு நேர்ந்தது சிறியது: பேட்டரை அவுட்டாக்கியிருக்க வேண்டிய மூன்றாம் ஸ்டிரைக் பந்தைப் பிடிக்காமல் நழுவவிட்டேன், பேட்டர் முதல் பேஸுக்கு ஓடிவிட்டான். அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடரான உலகத் தொடரில், 1941-இன் நான்காவது ஆட்டத்தில் டாட்ஜர்ஸ் கேட்சர் மிக்கி ஓவனுக்கும் இதே கதிதான். ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், 4-3 என முன்னிலை. யாங்கீஸ் பேட்டர் ஹென்ரிச் மட்டையை வீசித் தவறவிட்ட பந்து ஓவனையும் தாண்டிப் போனது. யாங்கீஸ் 7-4 என்று வென்றது. பழைய கேட்சருக்கு ஒன்று சொல்வேன். தாழ்ந்து வரும் பந்தைப் பிடிக்கப் பார்க்காதீர்கள், மறியுங்கள். இரண்டு முழங்காலையும் தரையில் போடுங்கள், கையுறையால் கால் இடைவெளியை அடையுங்கள், தோள்களை முன்னே வளையுங்கள், தாடையை நெஞ்சோடு ஒட்டுங்கள். பந்து மார்பில் பட்டு முன்னால் விழ வேண்டும். முகத்தைத் திருப்பினால் கழுத்தில் வாங்குவீர்கள். சைகைக் குழப்பத்துக்கு, அமெரிக்காவின் மேஜர் லீக்கில் 2022 முதல் பிட்ச்காம் என்ற கருவி இருக்கிறது. கேட்சர் பொத்தானை அழுத்தினால் பிட்சரின் தொப்பிக்குள் குரல் கேட்கும்.

பழைய கேட்சர்:
என் பந்து நெஞ்சுக்கு மேலே வந்தது ஐயா, முழங்காலை வைத்து என்ன செய்ய? இடதுகைக்காரருக்கு: மேட்டுக்கு நடந்து போய்ச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அவன் தலையையும் ஆட்டினான். இன்றைக்குக் கேட்டாலும், "நீ இரண்டாவதாகக் காட்டியது ஒற்றை விரல்தான், வேகப்பந்து" என்கிறான்.