மேல் பஞ்சமம் தொண்டையை நெரிக்காமல் வருமா?

ஒருகட்டை:
கர்நாடக சங்கீதம் பாடறேன். ஆண் குரல், ஒரு கட்டை சுருதி (C). மேல் ஷட்ஜம் (ஸ) வரை சிக்கல் இல்லை. சங்கராபரண ராகத்துல மேல் காந்தாரம் (க) தாண்டினா முகவாய் தூக்குது, கழுத்து நரம்பு புடைக்குது, பஞ்சமம் (ப) சுருதி இறங்கிடுது. அடிவயித்துலேருந்து தள்ளினா இன்னும் மோசம். "மனசால பாடு"ன்னு சொல்றாங்களே, அதை எப்படிச் செய்யறது?

தம்புரா:
தள்ளுவதுதான் கோளாறு. குரல்நாண்கள் நீண்டு மெலிந்தால்தான் ஸ்வரம் உயரும். காற்றை முட்டினால் அவை தடித்தபடியே இறுகிவிடும்; சத்தம் கூடும், ஸ்வரம் நிற்காது. உங்கள் மேல் ஷட்ஜம் சுமார் 262 ஹெர்ட்ஸ், பஞ்சமம் 392. பலத்தால் தாண்டுகிற தூரமில்லை அது.

மனசால் என்றால், வாய் திறக்கும் முன்பே ஸ்வரம் உள்ளே கேட்டுவிட வேண்டும். தம்புரா ஓட, ஆதி தாள லகுவில் (முதல் நான்கு எண்ணிக்கை) மேல் ஸ பாடுங்கள். இரண்டு த்ருதத்திலும் (மீதி நான்கு எண்ணிக்கை) மௌனமாக ரியை நினையுங்கள். அடுத்த சமத்தில் (தாளம் மறுபடி தொடங்கும் இடத்தில்) ரி. இப்படியே ஒவ்வொரு ஸ்வரமாகப் பஞ்சமம் வரை, பேச்சுக்குரல் அளவுக்கு மேல் போகாமல். மௌனத்தின்போது குரல்வளை மேட்டில் விரலை வையுங்கள். வெறும் நினைப்புக்கே அது மேலே துள்ளினால் பாடாதீர்கள்; ஒரு ஸ்வரம் கீழே வந்து மறுபடி தொடங்குங்கள்.

ஜண்டைவரிசை:
'மேல்'ங்கற சொல்லே பாதி வினை. ஸ்வரம் ஏற ஏற கையைக் கீழே இறக்கிட்டே பாடிப் பாருங்க. பார்க்கறவங்க சிரிப்பாங்க, ஆனா முகவாய் தூக்காது.

ஜண்டையிலயும் (ஒவ்வொரு ஸ்வரத்தையும் ரெண்டு தடவை பாடற பயிற்சி) இதே தப்புதான். ரெண்டாவது ஸ்வரத்துக்கு அழுத்தம்னதும் தொண்டையால தட்டறாங்க. 'க்'குன்னு ஒரு வெட்டு கேட்கும். அங்க அடி வேண்டாம். ரிரி-ன்னா ரெண்டாவது ரிக்கு முன்னால ஸவை லேசாத் தொட்டு வரணும். 'ரி-ஸ்ரி'ன்னு நினைச்சாலே அழுத்தம் விழுந்துடும். தோடி ராகத்துக் காந்தாரத்துக்கும் தாடையை ஆட்ட வேண்டாம், ரிக்கும் மவுக்கும் நடுவுல போய்வர்ற வழியை நினைங்க.

ஒருகட்டை:
இதை அகாரமா ('ஆ'ன்னு) பாடணுமா, ஸ்வரம் சொல்லியா?

தம்புரா:
முதலில் வாய் மூடி 'ம்', பிறகு 'ஊ', கடைசியில்தான் 'ஆ'. 'ஆ'வில் வாய் பக்கவாட்டில் இளித்தால் இறுக்கம் திரும்பிவிடும். தினம் 10 நிமிடம் போதும். நினைப்பு இருந்தால் மூச்சு வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்: விலா விரியும் அளவுக்கு இழுங்கள், தோள் உயர்ந்தால் அதிகம். கரகரப்பு மறுநாளும் இருந்தால் மேல் ஸ்தாயியை விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று வாரம் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.