பாண்டாஸ் இன்ஸ்டால் முடியவே மாட்டேன் என்கிறது, உதவி தேவை

திண்ணைத்தும்பி: ராஸ்பெர்ரி பை குட்டிக் கம்ப்யூட்டரில் பிப் (பைதான் லைப்ரரி ஏற்றும் கருவி) வழியாக பாண்டாஸ் (டேட்டா அலசும் லைப்ரரி) போடுகிறேன். ராத்திரி ஆரம்பித்தது, விடிந்தும் அதே இடத்தில் நிற்கிறது. நெட் நல்ல வேகம். சீக்கிரம் முடிய என்ன வழி? திங்கட்கிழமை காலேஜில் காட்ட வேண்டும், அவசரம்.

சாலிடர்புகை: எந்தப் பை? எந்த ஓஎஸ், 32 பிட்டா 64 பிட்டா? கடைசி வரி என்ன?

மின்மினி: எஸ்டி கார்டுதான் காரணம். கிளாஸ் 10 என்பது பெரிய ஃபைலைத் தொடர்ச்சியாக எழுதும் வேகம். இன்ஸ்டாலில் வருவதெல்லாம் பொடிப்பொடி ஃபைல்கள். ஏ1 முத்திரை போட்ட கார்டு வாங்குங்கள்.

கர்னல்தாத்தா: தம்பி, மாடல் இல்லை, லாக் இல்லை, நாங்கள் என்ன ஜோசியமா பார்க்கிறோம்? கேட்கும் முறையை முதலில் கற்றுக்கொள்ளுங்கள்.

திண்ணைத்தும்பி: பை ஜீரோ டபிள்யூ. ஓஎஸ் புக்வார்ம், 32 பிட். "பில்டிங் வீல்" என்று நிற்கிறது.

சாலிடர்புகை: அப்படியென்றால் கம்பைல் ஆகிக்கொண்டிருக்கிறது. ஒரே கோர், 512 எம்பி ரேம், பாவம் அது. ஆனால் ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸில் பிப் பைவீல்ஸ் தளத்திலிருந்து ரெடிமேட் வீலை (முன்பே கம்பைல் செய்த பேக்கேஜை) எடுத்திருக்க வேண்டுமே? இறங்கிய ஃபைல் எப்படி முடிகிறது, பைதான் எந்தப் பதிப்பு?

திண்ணைத்தும்பி: டார் ஜிஇசட். பைதான் 3.12. ஓஎஸ்ஸோடு வந்த பைதானில் "எக்ஸ்டர்னலி மேனேஜ்டு" என்று எர்ரர் வந்தது. வீடியோ பார்த்து 3.12 தனியாக ஏற்றினேன்.

சாலிடர்புகை: சிக்கல் அங்கேதான். டெபியனோடு (பை ஓஎஸ்ஸின் அடிப்படை) வரும் பைதானுக்குத்தான் பைவீல்ஸ் வீல் கட்டி வைக்கும். பழைய பதிப்பான புல்ஸ்ஐக்கு 3.9, புக்வார்முக்கு 3.11. 3.12-க்குக் கிடையாது, அதனால் பிப் மூலக்கோடை (அந்த டார் ஜிஇசட்) இறக்கிக் கம்பைல் செய்கிறது. கன்ட்ரோல் சி அடித்து நிறுத்துங்கள். ஆப்டில் (ஓஎஸ்ஸின் சொந்த இன்ஸ்டாலர்) "பைதான்3-பாண்டாஸ்" போடுங்கள், அதற்குத் தேவையான நம்பை லைப்ரரியும் கூடவே வரும். அந்த எர்ரர், ஓஎஸ் பைதானை பிப் கெடுத்துவிடாமல் இருக்க வைத்த தடுப்பு. வேறு லைப்ரரி வேண்டுமென்றால் 3.11-இலேயே வென்வ் (தனிப் பைதான் சூழல்) உருவாக்குங்கள், சிஸ்டம் சைட் பேக்கேஜஸ் ஆப்ஷனோடு. ஆப்டில் போட்டதும் உள்ளே தெரியும்.

கர்னல்தாத்தா: ஆப்டில் இருப்பது பாண்டாஸ் 1.5.3, பழசு. ஸ்வாப்பை (ரேம் போதாதபோது கார்டில் எடுக்கும் இடம்) 2 ஜிபி ஆக்கிவிட்டுக் கம்பைல் முடியும்வரை விடுவதுதான் சரியான முறை.

மின்மினி: எஸ்டி கார்டில் 2 ஜிபி ஸ்வாப்பா? கார்டு தேய்ந்து போகும். ஸீராம் (ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் ஸ்வாப்) போடுங்கள்.

கர்னல்தாத்தா: ஸீராமும் அதே 512 எம்பிக்குள்தான். கம்பைலர் கேட்கும் அளவுக்குப் போதாது.

சாலிடர்புகை: அவருக்குக் கம்பைலே தேவையில்லை. காலேஜ் புராஜெக்டுக்கு 1.5.3 தாராளம்.

திண்ணைத்தும்பி: ஆப்டில் ஏறிவிட்டது. நன்றி அண்ணா.

மின்மினி: இம்போர்ட் ஆகிறதா? எந்தக் கார்டு என்று இன்னும் சொல்லவில்லையே.

கர்னல்தாத்தா: ஸ்வாப்புக்குத் தனி இழை திறக்கிறேன், அங்கே வாருங்கள்.